கைமாற்றாகப் போன பெயர்

செவ்வாய்க்கிழமை காலை என்றால் பெங்களூர் மர்பி டவுனில் ஹெலன் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் கிடைக்காது. முன்னறையில் பாய் விரித்து, அந்தத் தெருப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடி வந்தவளும் இருப்பாள், பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டிவிட்டுத் தலைகூட வாராமல் வந்தவளும் இருப்பாள். குழுக் கடன் கொடுக்கும் கம்பெனியின் வாராந்தரக் கூட்டம் அது. வசூலுக்கு வரும் உதயா உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று, கையை முன்னால் நீட்டி உறுதிமொழி சொல்வார்கள்.

உறுதிமொழி கன்னடத்தில் இருக்கும். கூட்டத்துக்கு நேரத்தோடு வருவோம், தவணையைத் தவறாமல் கட்டுவோம், ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவோம், வாங்கும் கடனைச் சொந்தக் குடும்பத்துக்கு மட்டுமே பயன்படுத்துவோம். இவ்வளவுதான். கன்னடம் புரியாமல் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காய்கறி வண்டிக்காரரைக் கன்னடத்திலேயே பேசி மடக்கி, கொசுறாகக் கொத்தமல்லியும் வாங்கிவிடுகிற பெண்கள் அவர்கள். ஆனாலும் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு அடுப்பில் பொங்கும் பாலிடம் போயிருக்கும்.

ஹெலன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி. கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தை மூடிய பிறகு கணவன் அசோகனுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்க, பெங்களூருக்கு வந்து சேர்ந்த குடும்பம். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அவள் மாவில் புளிப்பு ஏறாது, இட்லி கல்லாகாது என்று அல்சூர் வரைக்கும் பேர்.

"இன்னா தம்பி, ரயில்ல உக்கார எடம் கெடைச்சுதா?" என்று கேட்டாள் ஹெலன். உதயாவும் தங்கவயல்காரன்தான். தினமும் விடியலில் ரயிலேறி வருபவன்.

"நிக்க எடம் கெடைச்சாலே பண்டிகைதான்கா. எல்லாரும் வந்துட்டாங்களா? ஆரம்பிக்கலாமா?"

ஹெலன் தன் தவணையை வைத்தாள். பக்கத்தில் இருந்த ஆரோக்கியமேரி, மடித்த நோட்டுகளை ஹெலனிடம் நீட்டி, "இது டென்சில் வண்டி துட்டு" என்றாள். ஹெலன் அதையும் தன் கணக்கில் கட்டினாள். பிறகு இடுப்பிலிருந்து இன்னொரு மடிப்பை எடுத்து, அந்தப் பக்கம் இருந்த மௌரீன் கையில் திணித்து, "இந்தா, ஃபிரிட்ஜு துட்டு" என்றாள். மௌரீன் அதைத் தன் பெயரில் கட்டினாள். யாரும் இதை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

அந்தத் தெருவில் காப்பித்தூள் கைமாற்றாகப் போகும், சர்க்கரை போகும், அவசரத்துக்கு கேஸ் சிலிண்டரே போகும். அதே மாதிரி பெயரும் போகும். உனக்குக் கடன் வரம்பு முடிந்துவிட்டதா, என் பெயரில் எடுத்துக்கொள், தவணையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிடு. கடன் வாங்குகிறவள் ஒருத்தி, கையெழுத்துப் போடுகிறவள் இன்னொருத்தி. போனில் வரும் ஓ.டி.பி.யைச் சொல்லி, கணக்கில் விழும் பணத்தை ஏ.டி.எம்.மில் எடுத்துத் தோழி கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மேரியின் கணவன் டென்சில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். அவனுடைய மின்சார ஸ்கூட்டர் இப்படித்தான் ஹெலன் பெயரில் வந்தது. கேட்டவுடன் பெயரைக் கொடுப்பவள் நல்லவள், யோசிப்பவள் கல்நெஞ்சக்காரி. அந்தத் தெருவின் சட்டம் அப்படி.

உதயாவுக்கும் இது தெரியாமல் இல்லை. தவணை தவறாமல் வருகிற வரையில் எந்த வசூல்காரன் வாயைத் திறப்பான்?

அன்று ஹெலன் முகத்தில் ஒரு சந்தோஷம் ததும்பிக்கொண்டிருந்தது. இந்திராநகரில் மூன்று பி.ஜி. விடுதிகள் நடத்தும் ஸ்ரீஹர்ஷா என்பவர் அவளுடைய மாவை ருசி பார்த்துவிட்டு, மூன்று விடுதிக்கும் தினமும் நாற்பது கிலோ வேண்டும் என்று கேட்டிருந்தார். அடுத்த மாதம் ஆரம்பித்துவிட வேண்டும், முடியாவிட்டால் பாக்கெட் மாவுக்காரனிடம் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் இருக்கும் சின்ன கிரைண்டர் ராத்திரி பகலாக ஓடினாலும் அவ்வளவு அரைக்காது. பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கியாக வேண்டும்.

"கம்பெனியில எடுக்காதக்கா. பேங்க்ல கேட்டுப் பாரு. தொழில் கடன் இருக்கு, வட்டி பாதிதான்" என்று உதயாவே காதோடு சொன்னான். "எங்க கம்பெனியே அந்த பேங்க்லதான் பணம் வாங்கிகினு வந்து உங்களுக்குக் குடுக்குது."

"அப்படிப் போடு! நம்ம வீட்டு மாவு நமக்கே ரெண்டு வெலையில வருதா?"

உதயா சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினான். அடுத்த தெருக் கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது.

மறுநாளே ஹெலன் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள். கிரைண்டர் விலையில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும் என்பதற்காக, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்த பணமும் அவளிடம் இருந்தது. கடன் பிரிவில் அம்ருதா என்ற இளம்பெண் இருந்தாள். பல தலைமுறைக்கு முன்பே பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தவள். கன்னடத்தில் ஆரம்பித்தவள், ஹெலன் இழுத்த ஒரு 'இன்னா'வைக் கேட்டதும் தமிழுக்குத் தாவிவிட்டாள்.

"உங்க ரெக்கார்ட் ரொம்ப நன்னா இருக்கு மேடம். ஒரு தவணைகூட மிஸ் ஆகல" என்று கணினியைப் பார்த்துச் சொன்னாள். ஹெலன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் அம்ருதாவின் புருவம் சுருங்கியது. "ஆனா உங்க பேர்ல இன்னொரு லோன் ஓடறதே. ஸ்கூட்டர். ரெண்டு தவணையையும் சேர்த்தா உங்க வருமானத்துல பாதிக்கு மேல போயிடறது. இதுக்கு மேல நாங்க குடுக்க முடியாது."

"அது என்னுது இல்லைங்க மேடம். எங்க மேரியோடது. அவதான் கட்டறா."

"மேரி கட்டலாம். ஆனா கடன் உங்க பேர்ல இருக்கே."

"ஒரு நாள்கூட பாக்கி வெக்கல மேடம்."

"அவங்க கட்டறதுனால உங்க சிபில், அதான் கடன் கட்டற மார்க், கெடாம இருக்கு. ஆனா பாரம் உங்க தலையிலதான் ஏறி உக்காந்திருக்கு. நாளைக்கு அவங்க நிறுத்திட்டா யாரைக் கேப்பாங்க? உங்களைத்தானே?"

ஹெலனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க கம்பெனிக்குக் கோடிக்கணக்குல தூக்கிக் குடுக்கறீங்களாம். அதே துட்ட அவங்க எனக்கு ரெட்டை வட்டிக்குக் குடுக்கறாங்க. நேரா எனக்குக் குடுத்தா இன்னா? காவிரி தண்ணி குழாயில ஒரு வெலை, டேங்கர்ல ஒரு வெலை மாதிரி இருக்குதே!"

அம்ருதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாமல் சொன்னாள்: "நீங்க சொல்றது நிஜம்தான் மேடம். ஆனா டேங்கர் உங்க தெருவுக்கு வரது, எங்க குழாய் இன்னும் வரல. வாரா வாரம் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்ப எங்களால முடியறதில்ல, அவங்க அனுப்பறாங்க. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் வட்டி. ஒண்ணு மட்டும் சொல்றேன். அடமானம் வெக்க உங்ககிட்ட நகை இல்ல, வீட்டுப் பத்திரமும் இல்ல. அப்புறம் எதைப் பார்த்து உங்களை உக்கார வெச்சுப் பேசறேன்? அங்க ஒழுங்கா கட்டினீங்களே, அந்தப் பேரைப் பார்த்துத்தான். அங்கேர்ந்து இங்க ஏறி வர்றதுக்கு உங்களுக்கு இருக்கற ஒரே படி அது. அதைப் போய் இன்னொருத்தருக்குக் குடுத்துட்டீங்களே. ஸ்கூட்டர் லோனை முடிச்சுட்டு வாங்க, நானே ஃபைல் போடறேன்."

வங்கியிலிருந்து வீடு வரைக்கும் ஹெலன் நடந்தே வந்தாள். ஆட்டோவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஊரெல்லாம் மாவு விற்று, ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டி, கடைசியில் மேரியின் ஸ்கூட்டர் தன் வழியில் குறுக்கே நிற்கிறதே என்று வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் தெருமுனைக்கு வருவதற்குள் கோபமாகிவிட்டது.

சாயங்காலம் மேரி வழக்கம்போலத் தூக்குவாளியோடு மாவு வாங்க வந்தாள். மௌரீனும் அங்கேதான் உளுந்தில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா மகராசி. உன் புருஷன் ஜாலியா வண்டி ஓட்டறான், நான் இங்க பட்டை நாமம் போட்டுகினு நிக்கறேன்" என்று ஆரம்பித்தாள் ஹெலன். வங்கியில் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் குரல் எதிர்வீடு வரைக்கும் போனது. "எம் பேரைக் குடுத்தேனே, எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்! உன்னால என் ஆர்டரே போச்சு!"

மேரி முதலில் மிரண்டாள். பிறகு அவளுக்கும் ரோஷம் வந்தது. "நான் இன்னா ஏமாத்திட்டா ஓடிட்டேன்? மழையில டென்சில் கீழ விழுந்து கெடந்தானே, அந்த வாரம்கூட கம்மலை வெச்சுக் கட்டினேன். என்னை இந்தத் திட்டு திட்டறியே, மௌரீன் உன்னை ஒரு வார்த்தை திட்டினாளா?"

"மேரி, சும்மா இரு" என்றாள் மௌரீன் அவசரமாக.

"ஏன் சும்மா இருக்கணும்? போன வருஷம் கேக் அடுப்பு வாங்க மௌரீன் அதே பேங்குக்குத்தான் போனா. நான்தான் துணைக்குப் போனேன். உன் ஃபிரிட்ஜு கடன் அவ பேர்ல ஓடுதுன்னு தொரத்தி வுட்டாங்க. தெரியுமா உனக்கு?"

ஃபிரிட்ஜ் வாங்கிய நாள் ஹெலனுக்கு நினைவு வந்தது. அவளுடைய ஆதாரில் அப்போது தங்கவயல் முகவரி இருந்தது. வெளியூர் முகவரிக்குக் கடன் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மாவு கெடாமல் வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். அப்போது, "என் பேர்ல எடுத்துக்கோ" என்றவள் மௌரீன். பிறகு முகவரியை மாற்றி, ஹெலன் தன் பெயரிலேயே கடன் வாங்கத் தொடங்கிவிட்டாள். பழைய கடன் மட்டும், முடிய முடிய மாவு வியாபாரச் செலவுக்கென்று புதுப்பித்து, மௌரீன் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வாரா வாரம் அவள் கையாலேயே பணத்தை மடித்து மௌரீனிடம் கொடுக்கிறாள். ஆனாலும் மேரியின் ஸ்கூட்டரும் தன் ஃபிரிட்ஜும் ஒரே சங்கதி என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதே இல்லை. தன் கண்ணில் இருக்கும் தூசி யாருக்குத்தான் தெரிகிறது?

மர்பி டவுனில் கிறிஸ்துமஸ் வந்தால் மௌரீனின் பிளம் கேக்குக்கு அடிதடி நடக்கும். வீட்டில் கேக் அடுப்பு இல்லாததால் மாவைக் கலந்து தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு பேக்கரி வாசலில் வரிசையில் நிற்பாள். பேக்கரிக்காரர் தன் ரொட்டியெல்லாம் வெந்த பிறகு மிஞ்சின சூட்டில்தான் அவளுக்கு இடம் கொடுப்பார். 'அடுப்பு வாங்கப் போறேன்னியே' என்று போன வருஷம் ஹெலன் கேட்டபோது, "வேணாம்பா, கரண்ட் பில்லு எகிறிடும்" என்று சொல்லி மௌரீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது ஹெலனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"ஏன் மௌரீன் சொல்லல?"

மௌரீன் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா நீ ஃபிரிட்ஜ வித்துட்டுக் கடனக் கட்டியிருப்ப. உன் மாவு யாவாரம் படுத்துடும். எனக்கு பேக்கரி அடுப்பு இருக்குது இல்ல, பர்வாகில்லன்னு வுட்டுட்டேன்."

ஹெலன் அழுதாள். கிரைண்டர் போனதற்காக அல்ல. பிறகு மேரி எழுந்துபோய் மூன்று டம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஹெலன் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

ராத்திரி சாப்பிடும்போது ஹெலன் கணவனிடம் சொன்னாள்: "கிரைண்டருக்குச் சேத்த துட்டுல மௌரீன் பேர்ல இருக்கற கடன முடிச்சுடலாம்னு இருக்கேன்."

"அப்போ கிரைண்டரு?" என்றான் அசோகன்.

"அவ ஒரு வருஷம் வாயைத் தெறக்காம நின்னா. நான் கொஞ்ச மாசம் நிக்க மாட்டேனா?"

அசோகன் மேலே கேட்கவில்லை. இன்னொரு இட்லியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, "மாவு இன்னிக்கு நல்லா வந்திருக்கு" என்றான். அவன் சம்மதம் சொல்லும் விதம் அது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹெலன் மொத்தப் பணத்தையும் வைத்தபோது உதயா தலையைச் சொறிந்தான். "முன்னாடியே முடிக்கறீங்களாக்கா? எங்க பிராஞ்சு மேனேஜர் மூஞ்சியத் தூக்கிக்குவாரு."

"தூக்கிக்கட்டும். எறக்கி வெக்கறது அவர் பாடு. கடன் முடிஞ்சதுன்னு லெட்டர் மட்டும் வாங்கிக் குடு. அப்புறம் தம்பி, இது தப்புன்னு உனக்குத் தெரியும்ல? ஏன்டா இத்தினி நாளு சொல்லல?"

உதயா தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்கா. சொன்னா கடன் கொறையும், டார்கெட்டு போயிடும்னு பயந்தேன். இனிமே பேரு மாத்திக் கேட்டா நான் எழுத மாட்டேன்." சொன்னதைச் செய்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக அலுவலகத்தில் இரண்டொரு முறை திட்டும் வாங்கினான்.

கிரைண்டர் இல்லாமல் நாற்பது கிலோ மாவுக்கு என்ன வழி? அதற்குப் பதில் மேரியிடம் இருந்தது. "என் வீட்டுல ஒரு கிரைண்டர் இருக்கு, மௌரீன் வீட்டுல ஒண்ணு இருக்கு. மூணு வீட்டுலயும் அரைச்சா ஆவாதா? பேரைக் குடுத்து உன்ன மாட்டி வெச்சேன். இப்போ கையக் குடுக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அரிசியும் உளுந்தும் ஹெலன் அளந்து கொடுப்பாள், மற்ற இருவரும் அரைத்துக் கொடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முதல் வாரம் மேரி தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட, விடுதிப் பிள்ளைகளுக்குத் தோசை நன்றாக வந்தது, இட்லி சப்பட்டையாகப் போனது. ஸ்ரீஹர்ஷா போன் செய்து, "ஏனம்மா இது, இட்லியா சப்பாத்தியா?" என்று கேட்டார். ஹெலன் மன்னிப்புக் கேட்டாள், மேரிக்கு அளவுச் சொம்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். ஆர்டர் நிலைத்தது.

ஸ்கூட்டர் கடன் பாக்கியை மேரி மாவுக் கூலியிலிருந்தும், பண்டிகைக் கால ஓட்டத்தில் டென்சில் கொண்டுவந்த வருமானத்திலிருந்தும் சேர்த்து அடைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் மௌரீன் மறுபடியும் வங்கிக்குப் போனாள். இந்த முறை துணைக்குப் போனவள் ஹெலன். அம்ருதா கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். டிசம்பர் பிறப்பதற்குள் மௌரீன் வீட்டுக்குப் பளபளவென்று அடுப்பு வந்து இறங்கியது. முதல் தட்டு கேக் வெந்த வாசனையில் தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அம்ருதாவுக்கு ஒரு பெட்டி போனது. முட்டை போடாத கேக் செய்து கொடுத்தாள் மௌரீன், மனுஷர்களைத் தெரிந்தவள் அல்லவா!

மேரி ஸ்கூட்டர் கடனை முடிக்க, கையிலிருந்து போட வேண்டிய பங்கும் மாவு விற்றே மறுபடி சேர, தவக்காலம் தொடங்குமுன் ஹெலனுக்கும் கடன் கிடைத்தது. கம்பெனி வட்டியில் பாதிதான். பெரிய கிரைண்டர் வாசலில் வந்து நின்ற அன்று, மேரிதான் முதலில் ஓடி வந்து அதற்குப் பூ போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்டின் டவுனிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த குளோரியா, கூட்டம் தொடங்குமுன் ஹெலனைத் தனியே அழைத்துக் குசுகுசுத்தாள். "அக்கா, எனக்கு லிமிட்டு முடிஞ்சுபோச்சு. உங்க பேர்ல ஒரு சின்னக் கடன் எடுத்துக் குடுங்கக்கா. வாரா வாரம் கரெக்டா குடுத்துடறேன், மாதா மேல சத்தியமா."

குளோரியா பொய் சொல்லவில்லை. கண்டிப்பாகக் கட்டியிருப்பாள். ஹெலன் அவள் தோளில் கையை வைத்தாள்.

"நீ கட்டுவேன்னு எனக்குத் தெரியும்மா. சர்க்கரை வேணுமா, எடுத்துகினு போ. அரிசி வேணுமா, தரேன். வேலை வேணும்னா நாளைக்கே மாவு பாக்கெட் போட வா, கூலி தரேன். எம் பேரை மட்டும் கேக்காத. ஏழைக்கு பேங்க் வாசல்ல காட்டறதுக்கு இருக்கற ஒரே சொத்து அவ பேருதான். அதைக் கைமாத்தா குடுக்கறதும் தப்பு, கேக்கறதும் தப்பு. நான் ரெண்டையும் செஞ்சவ."

குளோரியா கொஞ்சம் யோசித்தாள். "மாவு பாக்கெட்டுக்கு எத்தினி மணிக்கு வரணும்கா?" என்று கேட்டாள்.

உதயா வந்துவிட்டான். பெண்கள் எழுந்து நின்று கையை நீட்டினார்கள். கன்னட உறுதிமொழி வரி வரியாகப் போனது. 'சொந்தக் குடும்பத்துக்கு மட்டுமே பயன்படுத்துவோம்' என்ற கடைசி வரி வந்தபோது யாரும் அவசரப்படவில்லை, சொல் சொல்லாகச் சொன்னார்கள். முடிந்ததும் வழக்கம்போல உட்காரப் போனவர்களை ஹெலன் கையமர்த்தினாள். கம்பெனி அச்சடிக்காத ஒரு வரியை அவள் தமிழில் சொல்ல, மற்றவர்கள் அவள் பின்னால் சொன்னார்கள்.

"எம் பேரை யாருக்கும் கடனா குடுக்க மாட்டேன். இன்னொருத்தி பேரைக் கடனா கேக்கவும் மாட்டேன்."

இரண்டாவது வாக்கியத்தை எல்லோரையும்விட உரக்கச் சொன்னவள் ஹெலன். மௌரீன் அவளைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் மட்டும், "ஆச்சா, போலாமா?" என்று வாசலைப் பார்த்தாள்.